கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் என்ன? ஒவ்வொரு ஊரும் தனியாகச் செய்துகொள்ளக் கூடாதா?

பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரே நீராதாரத்தையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் பெரிய குழாயையும் பங்கிட்டுக்கொள்வதுதான் கூட்டுக் குடிநீர்த் திட்டம். சேலம் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு மேட்டூர்க் காவிரித் தண்ணீர் இப்படித்தான் வருகிறது. இங்கே அடியில் கெட்டிப் பாறை; கோடையில் பல போர்வெல்களில் மோட்டார் போட்டால் காற்றுதான் வரும். அதற்காக ஒரு சின்ன ஊர் தனியாகக் காவிரிவரை குழாய் பதிக்க முடியுமா? பழைய பம்பு, குழாய்களை மாற்றும் செலவிலும் இதே கணக்குதான். ஏற்காட்டுக்குத் தனியாகக் கார் வைத்துப் போவதற்கும் நாலு பேர் சேர்ந்து போவதற்கும் உள்ள வித்தியாசம். என்ன, வழியில் கார் நின்றால் நாலு பேரும் நிற்க வேண்டும். மெயின் குழாய் உடைந்தாலும் அப்படித்தான்.

திட்டம் வந்தால் தெருக்குழாய் ஒழுகலும் தானாகச் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக ஊர்த் தொட்டிவரைதான் திட்டம். அதற்கப்புறம் ஊராட்சியின் பொறுப்பு.