‘விளங்கிச்சா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் டிப்ளோமா மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள்; இங்கே எல்லாம் ஆங்கிலம். பவர்பொயின்ட் போட்டேன், யூடியூப் காட்டினேன், போனில் கஹூட் வினாடிவினா விளையாட வைத்தேன். பாதிப் பேரிடம் டேட்டா இல்லை. மழை பிடித்தால் சிக்னலும் இல்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஆர்வம் வர எந்தச் செயலி நல்லது, அக்கா? கட்டணம் கட்டி வாங்க நிர்வாகத்திடம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: செயலியைப் பிறகு பார்ப்போம் தங்கச்சி. பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கமிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று நான் நம்பமாட்டேன். பிழையாகச் சொல்லிவிடுவோமோ, அதையும் பிழையான இங்கிலீஷில் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான். “விளங்கிச்சா?” என்றால் “ஆமா மிஸ்” என்று சேர்ந்து சொல்வார்கள். அந்த ஆமாவை வைத்து நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்த எரிக் மசூரும் நல்ல விரிவுரையாளர் என்று பெயரெடுத்தவர்தான். கணக்கைச் சரியாகச் செய்யும் தன் மாணவர்கள் அடிப்படைக் கேள்வியில் தடுமாறுவதைக் கண்டு, 1991இல் முறையை மாற்றினார்: விரிவுரையைக் குறைத்து, கேள்வி ஒன்றைக் கொடுத்து மாணவர்களையே ஒருவருக்கொருவர் விளக்க வைத்தார். அதை உங்கள் பாடத்துக்கு இப்படிக் கொண்டுவரலாம்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலை தன் இயந்திரத்துக்கு இந்த வருடம் 2 இலட்சம் ரூபா பெறுமானத்தேய்வு போடுகிறது, அதாவது இயந்திரம் பழசாகித் தேய்ந்த பெறுமதியைச் செலவாகக் கணக்கில் எழுதுகிறது. (வரியை விட்டுவிடுங்கள், அது வேறு தலைவலி.) அந்தப் பதிவால் கையிலுள்ள காசு குறையுமா, கூடுமா, மாறாதா, இலாபம் வந்தால் மட்டும் குறையுமா? கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒரு விடையைத் தெரிவுசெய்ய வேண்டும். “குறையும்” என்று நிறையப் பேர் சொல்வார்கள், பாருங்கள். சரியான விடையை அப்போதும் சொல்லாதீர்கள். நூற்றுக்கு 30 முதல் 70 பேர் வரை சரியென்றால், வேறு விடை சொன்ன பக்கத்து ஆளோடு வாதாட விடுங்கள். தமிழில்தான். பரீட்சைத் தாள் ஆங்கிலத்தில் வருகிறது என்பதற்காக யோசனையும் ஆங்கிலத்தில் வரவேண்டியதில்லை. பிறகு திரும்பவும் விடை கேளுங்கள். காசு போனது இயந்திரம் வாங்கிய அன்று, இன்றைக்கு இல்லை என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்வது உங்கள் காதில் விழும். கடைசியில் அதையே ஒரு ஆங்கில வசனமாகக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

இங்கேதான் தொழில்நுட்பம் உதவும். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. மாணவர் கையில் அச்சடித்த அட்டை மட்டும்; அதை எந்தப் பக்கம் மேலே வரப் பிடிக்கிறாரோ அதுதான் விடை. உங்கள் போன் கமெராவை வகுப்பின் மேல் ஓட்டினால் எண்ணிக்கை வந்துவிடும். டேட்டா உங்கள் போனுக்கு இருந்தால் போதும். யார் என்ன விடை சொன்னார் என்று பக்கத்து ஆளுக்குச் சட்டென்று விளங்காது என்பதால் வெட்கமும் குறையும். சிக்னல் அடியோடு இல்லாத நாளில் ஒரு தாளை நாலாக மடித்து, விடைக்குரிய A, B, C அல்லது D எழுத்தைக் காட்டினாலும் சரிதான்.

ஒன்றை மட்டும் எதிர்பாருங்கள்: “மிஸ் படிப்பிக்கிறதே இல்லை, எங்களையே பேச விடுறாங்க” என்று முறைப்பாடு வரும். ஹாவர்டிலேயே 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். மூளை களைத்துப்போவதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாரமே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நிர்வாகம் கேட்டால் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு இருக்கிறது: வகுப்பில் பங்கெடுத்துப் படித்தவர்களோடு ஒப்பிட்டால், வெறும் விரிவுரை கேட்டவர்கள் சித்தியடையாமல் போகும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு.

கட்டணச் செயலியை இந்தத் தவணை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். இப்போதைக்கு அட்டை அச்சடிக்கக் காசு கேளுங்கள்.