வீட்டு பீரில் பழம் சேர்க்கிறீர்களா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 20 லிட்டர் கோதுமை பீர் போட்டிருக்கேன். மாம்பழம் எப்போ, எவ்வளவு சேர்க்கணும்?

பதில்: ஈஸ்ட்டின் முதல் ஆட்டம், அதாவது வேகமாக நுரைத்து நொதிக்கும் கட்டம், அடங்கட்டும். பெரும்பாலும் 5 முதல் 7 நாள் ஆகும். கொதிக்கும்போதே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும், பழத்திலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் கரைந்து பீரும் கலங்கும். தோலும் கொட்டையும் நீக்கிய கூழ் லிட்டருக்கு 150 முதல் 200 கிராம். உங்களுக்கு 3 முதல் 4 கிலோ. ஓர் இரவு ஃப்ரீசரில் உறைய வைத்து எடுத்தால் சாறு நன்றாக விடும். ஆனால் உறைந்ததால் கிருமி செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூடிய பாத்திரத்தில் 70 டிகிரிக்குச் சற்று மேலே 15 நிமிடம் வைத்து, ஆறிய பிறகு ஊற்றுங்கள். ஃபெர்மென்டரில் (பீர் நொதிக்கும் பாத்திரம்) கால்வாசி இடம் காலியாக இருக்கட்டும். கூழ் மேலெழும்பி, வாயுவை வெளியே விடும் ஏர்லாக்கை அடைத்தால் மூடி பறக்கும்.

கேள்வி: பேஷன் ஃப்ரூட்டையும் அதே அளவு போடலாமா சார்?

பதில்: வேண்டாம், புளித்துத் தள்ளும். லிட்டருக்கு 50 கிராமிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் மூன்று டம்ளரில் தலா 100 மில்லி பீர் எடுத்து, முறையே 3, 5, 8 கிராம் கூழ் கலந்து குடித்துப் பாருங்கள். 5 கிராம் பிடித்தால் 20 லிட்டருக்கு 1 கிலோ. ஒன்று கவனியுங்கள்: டம்ளரில் பழத்தின் சர்க்கரை அப்படியே இருக்கும், பீரில் அதை ஈஸ்ட் தின்றுவிடும், புளிப்பு மட்டும் துருத்தி நிற்கும். அதனால் பிடித்த அளவுக்கு ஒரு படி கீழேயே நில்லுங்கள். விதையை மிக்சியில் அரைத்தால் துவர்க்கும், வடிகட்டியில் தேய்த்தெடுங்கள்.

கேள்வி: அன்னாசி போட்டேன். வாசனை பிரமாதம், நுரைதான் நிற்கவே மாட்டேங்குது.

பதில்: நுரையைத் தாங்குவது மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) புரதம். சூடாக்காத அன்னாசியிலுள்ள புரோமலைன் என்ற நொதி அதை வெட்டிப்போடும். பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின், எல்லாம் அதே வேலைதான். 80 முதல் 85 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் அன்னாசியின் நொதி செயலிழக்கும். டின் அன்னாசி ஏற்கெனவே சூடானது, அப்படியே போடலாம். இந்த பீருக்கு நுரை திரும்பாது.

கேள்வி: மாம்பழக் கூழ் கிலோவுக்கு 5 லிட்டர் கணக்கில் போட்டு, நாலாம் நாள் பாட்டிலில் அடைச்சேன். திறந்தா பாதி தரையில கொட்டுது அண்ணா.

பதில்: கொட்டுவதோடு நின்றால் அதிர்ஷ்டம். கூழில் சுமார் 14 சதவீதம் சர்க்கரை என்று வையுங்கள்: லிட்டருக்கு 200 கிராம் கூழில் 28 கிராம். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் பீரின் கொள்ளளவைப் போல் ஏறக்குறைய ஒரு மடங்கு கரியமில வாயு வரும். வழக்கமான பீருக்கு இரண்டரை மடங்கு போதும். முழுதும் உள்ளே நொதித்தால் 7 மடங்கு. பாதி மிச்சமிருந்தாலே, அதன்மேல் வாயு ஏறுவதற்காக நீங்கள் பாட்டிலில் போட்ட பிரைமிங் சர்க்கரையும் சேர்ந்து, பாட்டில் தாங்காது. கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு, மேலே துணி போர்த்தி, மூடியை லேசாகத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். அடுத்த முறை ஹைட்ரோமீட்டர் (மிச்ச சர்க்கரையைக் காட்டும் அடர்த்திமானி) மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே பாட்டில். நாட்காட்டியை நம்பாதீர்கள்.

கேள்வி: பாக்கெட் ஜூஸ்?

பதில்: லேபிளில் ஐ.என்.எஸ். 202 (பொட்டாசியம் சார்பேட்) அல்லது 211 (சோடியம் பென்சோயேட்) இருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். இவை ஈஸ்ட்டைப் பெருக விடாது, பாட்டிலில் வாயு ஏறாமல் போகலாம்.

கேள்வி: சிவப்பு டிராகன் ஃப்ரூட் நிறத்துக்காகப் போடலாமா?

பதில்: நிறத்துக்கு மட்டும்தான், சுவை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நிறமி சூட்டிலும் காற்றுப் பட்டாலும் வெளிறும். உறைந்த கூழைச் சூடாக்காமல் கடைசியில் சேர்த்து, ஹைட்ரோமீட்டர் எண் நின்ற பிறகு தளும்பாமல் பாட்டிலுக்கு மாற்றி, சீக்கிரம் குடித்துவிடுங்கள். கிருமி ஆபத்து கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

கேள்வி: பழத்தின் இனிப்பு கடைசி வரை நிற்க என்ன வழி சார்?

பதில்: சாதாரண ஈஸ்ட் தொடாத லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. 20 லிட்டருக்கு 300 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறியதும் பாட்டிலுக்கு முன் கலக்குங்கள். கசப்பையும் 15 ஐ.பி.யூ. (பீரின் கசப்பை அளக்கும் அலகு) அளவில் நிறுத்தி, கடைசியில் சிட்ரா ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவில் பழ மணமுள்ள ஒரு வகை) போட்டால் பழ மணம் தூக்கிக் காட்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊற்றும் முன் லாக்டோஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.