ஒரே சார்ட், ஒரே வாக்கிங், என் பொண்ணுக்கு மட்டும் ஏன் குறையல?

வாசகர் கேள்விகளுக்கு குழந்தைகள் டாக்டரின் பதில்கள்

கேள்வி: என் பொண்ணுக்கு 14 வயசு, என் அக்கா பொண்ணுக்கும் அதே வயசு. ரெண்டு பேருக்கும் எடை ஜாஸ்தி. ஒரே டயட்டீஷியன், ஒரே சார்ட், சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்தேதான் வாக்கிங் போறாங்க. மூணு மாசத்துல அக்கா பொண்ணு 6 கிலோ குறைஞ்சிட்டா, இவ 2 கிலோதான். எங்க மாமியார் 'இவ யாருக்கும் தெரியாம திருடித் திங்கிறா'ன்னு சொல்றாங்க, பொண்ணு ராத்திரி எல்லாம் அழறா. இதுல ஜீன் விஷயம் ஏதாவது இருக்கா டாக்டர்?
(வாசகி, திருப்பூர்)

பதில்: இருக்கும்மா. உங்க மாமியாருக்கு இந்த பதிலை அப்படியே படிச்சு காட்டுங்க, ஏன்னா திருடித் திங்கிறான்னு ஒரு வார்த்தை 14 வயசு பொண்ணுக்குள்ள எவ்வளவு ஆழமா இறங்கும்னு நான் தினம் பாக்குறேன், எடை மெஷின்ல ஏறச் சொன்னா நம்பரைப் பாக்காம முதல்ல அம்மா முகத்தைப் பாக்குற பிள்ளைங்க எத்தனையோ பேர்.

கனடாவுல கியூபெக்ல லாவால் யுனிவர்சிட்டின்னு இருக்கு, அங்க க்ளாட் புஷார்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஒரே கருவுல பிறந்த இரட்டையர்களை வெச்சு ரெண்டு ஆய்வு பண்ணார். 1994ல வந்ததுல 7 ஜோடி வாலிபப் பசங்களுக்கு சாப்பாட்டை அளந்து ஒரே மாதிரி குடுத்து, பத்து நாளுக்கு ஒம்பது நாள் ரெண்டு வேளை சைக்கிள் மிதிக்க வெச்சாங்க, மொத்தம் 93 நாள். சராசரியா 5 கிலோ குறைஞ்சது, ஆனா சராசரிதான் 5, ஒருத்தருக்கு 1 கிலோ குறைஞ்சா இன்னொருத்தருக்கு 8 கிலோ குறைஞ்சது. எல்லாரும் கண்காணிப்புல இருந்தவங்க, திருடித் திங்கிற பேச்சுக்கே அங்க இடமில்ல. இன்னொண்ணு பாருங்க, அண்ணனுக்கு நல்லா குறைஞ்சா தம்பிக்கும் நல்லா குறைஞ்சது, பெரிய வித்தியாசம் எல்லாம் ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவுலதான். 1990ல அவரே இதுக்கு உல்டாவா 12 ஜோடிக்கு தினம் 1000 கலோரி கூடுதலா குடுத்து பாத்திருந்தார், 84 நாள் அப்படி சாப்பிட்டதுல சிலருக்கு 4 கிலோ ஏறுச்சு, சிலருக்கு 13 கிலோ ஏறுச்சு. அதுலயும் ஜோடிக்குள்ள ஏறக்குறைய ஒத்துப்போச்சு.

அக்கா பொண்ணுன்னா நம்ம ரத்தம்தானேன்னு தோணும். ஆனா அக்கா தங்கச்சி பிள்ளைங்களுக்குள்ள பொதுவா வர்ற ஜீன் எட்டுல ஒரு பங்குதான், மீதியில உங்க வீட்டுக்காரர் குடும்பத்து பங்கு பெருசு (இதையும் மாமியாருக்கு படிச்சு காட்டலாம்). டீனேஜ் பிள்ளைங்ககிட்டயும் இதைப் பாத்திருக்காங்க, ஸ்பெயின்ல எவாசியான்னு ஒரு திட்டத்துல சாப்பாடு, உடற்பயிற்சி, கவுன்சிலிங் எல்லாம் சேர்த்து குடுத்தப்போ, எடையைக் கூட்டுற ஜீன் மாற்றங்கள் கம்மியா இருந்த பிள்ளைங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல பலன் கூடுதலா இருந்தது. அதிகமா இருந்தவங்களுக்கு மெதுவா.

அதனால உங்க பொண்ணோட 2 கிலோ அவ உடம்பு குடுத்த 2 கிலோ, அதுக்கு அவ பட்ட பாடு அக்கா பொண்ணு 6 கிலோவுக்கு பட்டதுக்கு கொஞ்சமும் கம்மி இல்ல. ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சு எடை பாக்குறதை இன்னையோட நிறுத்துங்க. வாக்கிங் சேர்ந்தே போகட்டும், அது நல்ல துணை. இடுப்புச் சுத்தளவு குறைஞ்சிருக்கா, மாடி ஏறினா மூச்சு வாங்குறது குறைஞ்சிருக்கா, கழுத்துக்கு பின்னாடி கருப்பா தடிச்சிருந்தா அது மங்கியிருக்கா, பீரியட்ஸ் ஒழுங்கா வருதான்னு பாருங்க. உடம்புல இன்சுலின் ஒழுங்கா வேலை செய்ய ஆரம்பிச்சிருக்காங்கறதுக்கு கிலோ மட்டும் இல்ல, இதெல்லாமும் அடையாளம். கேலி பேச்சு வாங்குற பிள்ளைங்களுக்கு எடை கூடத்தான் செய்யுதுன்னு ஆய்வுகள் சொல்லுது, வீட்டுல அந்தப் பேச்சை நிறுத்துறதே பாதி வைத்தியம்.

கேள்வி: எனக்கு 17 வயசு, 98 கிலோ. எங்க அப்பா குண்டு, தாத்தா குண்டு, சித்தப்பாவும் அப்படித்தான். பரம்பரைன்னா நான் ட்ரை பண்றதே வேஸ்ட்டா சார்? ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ரெண்டு பரோட்டால எழுந்திரிச்சிடுறாங்க, எனக்கு மட்டும் அஞ்சு சாப்பிட்டாலும் பத்தல.
(கல்லூரி முதலாமாண்டு மாணவர், மதுரை)

பதில்: தம்பி, உன் கேள்வியோட கடைசி வரியிலதான் விஷயமே இருக்கு. எடைக்கான ஜீன் பெரும்பாலும் வேலை பாக்குறது மூளையில, பசியில, 'போதும்'ங்கற உணர்வுல. 2007ல எஃப்டிஓங்கற ஜீனுக்கும் எடைக்கும் தொடர்பு இருக்குன்னு கண்டுபிடிச்சப்போ, அதுல எடையைக் கூட்டுற வகையை அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வாங்கினவங்க, ஒண்ணு கூட வாங்காதவங்களை விட சராசரியா 3 கிலோ கூட இருந்தாங்க. அவ்வளவுதான், 3 கிலோ. அந்த ஜீன் எப்படி எடையை ஏத்துதுன்னு ஸ்காட்லாந்துல ஸ்கூல் பிள்ளைங்களை வெச்சு பாத்தாங்க, உடம்பு கலோரியை எரிக்கிறதுல குறை இல்ல, அந்தப் பிள்ளைங்க கலோரி அதிகமான சாப்பாட்டைத்தான் கூடுதலா எடுத்தாங்கன்னு தெரிஞ்சது. பரோட்டா கடையில உன் ஃப்ரெண்டு ரெண்டுல கை கழுவுறான்னா அவனுக்கு மன உறுதி ஜாஸ்திங்கறது இல்ல, அவனுக்கு ரெண்டுலயே வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்கு போயிடுது, உனக்கு லேட்டா போகுது.

இப்போ ட்ரை பண்றது வேஸ்ட்டாங்கறதுக்கு வர்றேன். ஐரோப்பாவுல 10 ஊர்ல ஹெலினான்னு ஒரு ஆய்வு, 752 டீனேஜ் பிள்ளைங்க. தினம் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்குற மாதிரி ஓடி ஆடினவங்ககிட்ட அதே எஃப்டிஓ வகை ஒண்ணுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு) 0.17தான் கூடியிருந்தது, ஆடாதவங்ககிட்ட 0.65. ஜீன் அப்படியேதான் இருக்கு, அதோட கை மட்டும் ஓங்கல. ஃபுட்பாலோ கபடியோ மாட்டுத்தாவணி வரைக்கும் சைக்கிளோ, எதுவா இருந்தாலும் சரி, தினம் பண்ணக்கூடியதா இருக்கணும்.

அதை விட முக்கியமா நான் எல்லா பிள்ளைங்களுக்கும் சொல்ற ஒரு ஆய்வு இருக்கு, ஜெர்மனியில டாட்டெல்ன்னு ஒரு ஊர்ல நடந்தது. எம்சி4ஆர்னு ஒரு ஜீன் இருக்கு, வயிறு நிறைஞ்சதை மூளைக்கு சொல்ற பாதையில அது முக்கியமான இடம், அது பழுதாகிட்டா பசி அடங்காது. பிரிட்டன்ல பாத்ததுல ஏறக்குறைய 340 பேருக்கு ஒருத்தர்கிட்ட இந்தப் பழுது இருந்தது, 18 வயசுல மத்தவங்களை விட சராசரியா 17 கிலோ கூட இருந்தாங்க. அப்படிப்பட்ட பிள்ளைங்களையும் மத்த பிள்ளைங்களையும் டாட்டெல்ன்ல ஒரு வருஷ ட்ரெய்னிங்ல ஒண்ணா சேர்த்தாங்க, வருஷ முடிவுல ரெண்டு கூட்டமும் ஒரே அளவு குறைஞ்சது! ஆனா ட்ரெய்னிங் முடிஞ்சு வீட்டுக்கு போன பிறகு, மத்தவங்க பெரும்பாலும் தக்க வெச்சாங்க, எம்சி4ஆர் பழுது இருந்தவங்களுக்கு எடை திரும்ப ஏறிடுச்சு. அதாவது ஜீன் குறைக்க விடாம தடுக்கல, குறைஞ்சதை நிறுத்தி வைக்கிறதுலதான் மல்லுக்கு நிக்குது.

நம்ம ஊர்ல எல்லாரும் தப்பு பண்றது இங்கதான்னு நான் நினைக்கிறேன். 'மூணு மாசத்துல 15 கிலோ'ன்னு பட்டினி கெடந்து குறைச்சு, நாலாவது மாசம் விட்டுடுறாங்க. உன்ன மாதிரி குடும்ப வழியில வர்றவங்களுக்கு அஞ்சு வருஷம் பண்ண முடியிற மாதிரி இருந்தாதான் அது திட்டம். காலேஜ் முடிஞ்சு வர்றப்போ பேக்கரியில பப்ஸும் டீயும் வாங்குற நேரத்துக்கு பசியோட போகாத, மத்தியானம் சுண்டலோ முட்டையோ சேர்த்து நல்லா சாப்பிடு. கூல்டிரிங்க்ஸ் வேண்டாம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் பாத்தா மறுநாள் பசி கூடும், தூக்கத்தையும் இதோட ஒரு பாகமா எடுத்துக்கோ. அப்பாவையும் கூட்டிட்டு போய் ரெண்டு பேருக்கும் சுகர், பிபி, கொலஸ்ட்ரால் பாத்துடு, குடும்பத்துல எல்லாரும் எடையா இருக்கிறப்போ இது அவசியம்.

கேள்வி: எச்சில் சாம்பிள் அனுப்பினா ஜீன் பாத்து 'உங்க குழந்தைக்கு கார்ப் (மாவுச்சத்து) கம்மி டயட்டா, கொழுப்பு கம்மி டயட்டா'ன்னு சொல்றோம்னு விளம்பரம் வருது. 15 வயசு பையனுக்கு எடுக்கலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: அந்தக் காசுல நல்ல ஷூ வாங்கிக் குடுங்க. ஸ்டான்ஃபோர்டுல 609 பேரை வெச்சு ஒரு வருஷம் இதையேதான் சோதிச்சாங்க, 2018ல வெளிவந்தது. பாதி பேருக்கு கொழுப்பு கம்மி, பாதி பேருக்கு கார்ப் கம்மி. கொழுப்பு கம்மி டயட்ல சராசரியா 5.3 கிலோ குறைஞ்சது, கார்ப் கம்மியில 6 கிலோ, பெரிய வித்தியாசம் இல்ல, முக்கியமா ஜீனுக்கு பொருந்தின டயட் கிடைச்சவங்களுக்கு எந்த கூடுதல் லாபமும் இல்ல. அது பெரியவங்ககிட்ட நடந்த ஆய்வுதான், ஆனா வளர்ற பையனுக்கு அதை விட பலமான ஆதாரம் எதையும் இந்த விளம்பரங்கள் காட்டுறது இல்ல. போதாக்குறைக்கு இந்த டெஸ்ட்ல குடுக்குற ஜீன் ஸ்கோர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஆட்களோட டேட்டாவுல செஞ்சது, நம்ம ஜனங்களுக்கு அதே துல்லியத்துல பொருந்தாது.

கேள்வி: பேரனுக்கு 11 வயசு, 74 கிலோ. ரெண்டு வயசுலேர்ந்தே குண்டுதான். எந்நேரமும் பசி பசிங்கறான், ராத்திரி எழுந்து அடுக்களையில பாத்திரத்தைத் தொறந்து சாப்பிடுறான், பூட்டு போட்டும் பாத்துட்டோம். என் மகளை என் தம்பிக்குத்தான் கட்டிக் குடுத்தோம். அதனால ஏதாவது இருக்குமா?
(ஒரு பாட்டி, விருதுநகர் மாவட்டம்)

பதில்: அம்மா, நீங்க சொன்ன மூணு விஷயமும் சேர்ந்து வந்தா நான் சாதாரண டயட் சார்ட் குடுத்து அனுப்பவே மாட்டேன். அஞ்சு வயசுக்கு முன்னாடியே ஏறின எடை, அடங்காத பசி, சொந்தத்துல கல்யாணம். தாய்மாமனைக் கட்டுறப்போ அரிதான ஒரே பழுது ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு கூடுது.

கொழுப்பு செல்கள்ல லெப்டின்னு ஒரு ஹார்மோன் சுரக்குது, 1994ல நியூயார்க்ல ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதோட ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. மாடி டேங்க் நிறைஞ்சதும் மோட்டாரை நிறுத்துற ஆட்டோ ஸ்விட்ச் மாதிரி, உடம்புல போதுமான இருப்பு இருக்குன்னு மூளைக்கு சொல்றது அதுதான். 1997ல இங்கிலாந்துல, பாகிஸ்தான்லேர்ந்து போன, சொந்தத்துல கல்யாணம் பண்ற குடும்பத்துப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கு அந்த லெப்டினே இல்லன்னு கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க, அதுல ஒரு பொண்ணுக்கு 8 வயசுல 86 கிலோ. அவளுக்கு 9 வயசுல லெப்டின் ஊசி ஆரம்பிச்சாங்க, ஒரு வருஷத்துல 16 கிலோ குறைஞ்சது, பசியும் அடங்கிடுச்சு. அது வரைக்கும் அந்த வீட்டுல எத்தனை பேர் அவளைத் திட்டியிருப்பாங்களோ.

உங்க பேரனுக்கு அதேதான்னு நான் சொல்லல, இது ரொம்ப அரிது. ஆனா பாக்காம விடக்கூடாது. வேலூர் சிஎம்சி மாதிரி குழந்தைகள் ஹார்மோன் பிரிவும் ஜெனடிக்ஸ் பிரிவும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. பிறந்தப்போ உடம்பு துவண்டு, பால் குடிக்க சிரமப்பட்டானா, கை காலுல கூடுதல் விரல் இருந்துச்சா, இருட்டுல கண்ணு தெரியலங்கறானா, படிப்புல ரொம்ப பின்தங்குறானா, வயசுக்கு குள்ளமா இருக்கானான்னு யோசிச்சு எழுதி வெச்சுட்டு போங்க, இதெல்லாம் டாக்டர் கேப்பாங்க. சில வகைப் பழுதுக்கு செட்மெலனோடைட்னு ஒரு ஊசிக்கு அமெரிக்காவுல 2020ல அனுமதி குடுத்திருக்காங்க, இங்க அது எப்படின்னு டெஸ்ட் ரிசல்ட் வந்த பிறகு அவங்களே சொல்லுவாங்க. அடுக்களைப் பூட்டு தேவைப்பட்டா இருக்கட்டும், ஆனா அவனைத் தண்டிக்கிறதுக்காக இல்ல, நேரத்துக்கு நேரம் சாப்பாடு தட்டுல வரும்னு அவனுக்கு தெரியணும். அடிக்காதீங்க.

கேள்வி: 13 வயசு பையன், 68 கிலோ. மாசம் எத்தனை கிலோ குறையணும்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அவன் வளர்ற வயசு, எடை அப்படியே நின்னு உயரம் ஏறினாலே பிஎம்ஐ குறையும், அதுவே வெற்றி. உயரத்தை நீங்க எழுதல, அது இல்லாம 68 கூடவா குறைவான்னே சொல்ல முடியாது. இந்திய குழந்தைகள் மருத்துவர் சங்கம் 2015ல நம்ம பிள்ளைங்களுக்குன்னே 5லேர்ந்து 18 வயசு வரைக்கும் வளர்ச்சி சார்ட் போட்டிருக்காங்க, டாக்டர்கிட்ட போய் அதுல குறிச்சு தரச் சொல்லுங்க. ஸ்கூல் ஹெல்த் கார்டுல போன வருஷ உயரமும் எடையும் இருந்தா அதையும் எடுத்துட்டு போங்க.