பழைய டிராக்டரும் கூடுதல் குதிரைத்திறனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜின் வைத்த மாஸி பெர்குசன் 35 இருக்கிறது. உழவில் திணறுகிறது, இன்னும் பவர் வேண்டும். பழைய வண்டியாகவே இன்னொன்று வாங்க ஆசை. ஃபோர்ட்சன் சூப்பர் மேஜர், மாஸி 165 இரண்டில் ஒன்று என்று மனதில் இருக்கிறது. 35-க்கு 37 ஹெச்.பி., மேஜருக்கு 52, 165-க்கு 58 என்று படித்தேன். அப்படியானால் 165-தானே சரி?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

"திணறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். திணறுவது எது, இன்ஜினா சக்கரமா? அடுத்த முறை உழும்போது இறங்கி நின்று பாருங்கள். வேறு யாராவது ஓட்டட்டும். கலப்பை மண்ணில் ஆழமாக இறங்கும்போது இன்ஜின் சத்தம் தணிந்து, புகை கறுத்து, வண்டி அணையப் பார்த்தால் உங்களுக்குக் குதிரைத்திறன் போதவில்லை. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, பின்சக்கரம் மட்டும் அதே இடத்தில் மண்ணைச் சுரண்டினால் குறை எடையில் இருக்கிறது. 35 ஏறக்குறைய ஒன்றரை டன் வண்டி. பின்டயரில் தண்ணீர் ஏற்றி, வீல் வெயிட் மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். டயரின் பட்டன் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். உழவில் பத்துப் பதினைந்து சதவீதம் வழுக்கல் இயல்பு, அதற்கு மேல் போனால் டீசல்தான் வீண்.

இன்ஜின்தான் திணறுகிறது என்றால், அது இன்னும் 37 ஹெச்.பி. கொடுக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. டீசலைப் பீய்ச்சும் நாசில், டீசல் பம்ப், அடைத்துக்கொண்ட ஏர் கிளீனர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். நீங்கள் வாங்கப்போகும் வண்டிக்கும் இதே கதைதான். நன்றாக ரிப்பேர் பார்த்த 35, களைத்துப்போன 165-ஐ உழவில் தோற்கடித்துவிடும். பம்பைத் திருகி டீசலைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரும்புகையும் சூடும்தான் கூடும்.

அப்புறம் அந்த மூன்று எண்கள். சில நிறுவனங்கள் வெறும் இன்ஜினின் திறனைப் போடும், சில, பின்னால் பூட்டும் கருவியைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.-வில் அளந்ததைப் போடும். ஒரே அளவுகோல் வேண்டுமென்றால் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1920 முதல் நடத்திவரும் டிராக்டர் சோதனை அறிக்கைகளைப் பாருங்கள். பி.டி.ஓ.-வில் எவ்வளவு, கொக்கியில் இழுக்கும்போது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். பிரசுரத்தில் போட்ட எண் கொக்கிக்கு வரும்போது நன்றாகவே இளைத்திருக்கும்.

சரி, எடையும் இன்ஜினும் பார்த்தாகிவிட்டது, இன்னும் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

உழவு மட்டும்தான் வேலை என்றால் நான் மேஜர் பக்கம். அதன் 3.6 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1,700 சுற்றிலேயே முழுத் திறனைக் கொடுத்துவிடும். 35-க்கு அது 2,000 சுற்று. வண்டி இரண்டரை டன்னை நெருங்கும். இறுகிய மண் திட்டு குறுக்கே வந்தால் 35-ல் கியரைக் குறைக்கக் கை போகும் இடத்தில், மேஜர் ஒரு முறை உறுமிவிட்டுக் கடந்துபோகும். ஆனால் எல்லா மேஜரும் ஒன்றல்ல. 1952-ல் வந்தது ஒன்று, 1958-ல் வந்த பவர் மேஜர் ஒன்று, 1960-ல் வந்த சூப்பர் மேஜர் ஒன்று. டிஸ்க் பிரேக்கும், மண்ணின் இழுவைக்கு ஏற்பக் கலப்பையைத் தானே ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக்கும் சூப்பர் மேஜரில்தான் வந்தன. பெயர்ப்பலகையை நம்பாமல் வண்டி எண்ணைப் பாருங்கள்.

ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் பேலர் என்று பி.டி.ஓ. வேலை அதிகம் என்றால் 165. கிளட்சைப் பாதி மிதித்தால் வண்டி நிற்க வேண்டும், பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேஜரில் இது எல்லா வண்டியிலும் கிடையாது, கேட்டு வாங்கியவர்களுக்குத்தான் வந்தது. 165-லும் வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். இன்னொரு விஷயம், 35-ல் பி.டி.ஓ. 540 சுற்றை எட்டுவது இன்ஜின் 2,000-க்குப் போவதற்கு வெகு முன்பே. ஆகவே ரோட்டவேட்டருக்கு அந்த 37 முழுதாகக் கிடைப்பதே இல்லை.

165 வாங்கினால் அதில் மல்டி பவர் கியர் இருக்கிறதா என்று கேளுங்கள். உழும்போது கிளட்ச் மிதிக்காமல் வேகம் மாற்றலாம், அருமையான வசதி. ஆனால் அதன் 'லோ'வில் இன்ஜின் பிரேக் கிடையாது, அதாவது இன்ஜின் வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்காது. இறக்கத்தில் டிரெய்லரோடு அந்த நிலையில் இறங்கினால் வண்டி தன்னிஷ்டத்துக்கு ஓடும். இறங்குமுன் 'ஹை'க்கு மாற்றிவிடுங்கள்.

எந்த வண்டியானாலும், கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகம் தலைக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். புது டிராக்டருக்கு அது கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-லேயே சட்டம் போட்டது. மற்ற நாடுகள் மெதுவாகத்தான் வந்தன, அதனால் அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இருக்காது. வாங்குகிற பணத்திலேயே அதற்கும் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அன்புடன்.