வீடு மதுரையில், வேலை புனேயில்

கேள்வி: மதுரையில் எனக்கு ஒரு தனி வீடு இருக்கிறது, நான் புனேயில் பணிபுரிகிறேன். அருகில் வசிக்கும் சித்தப்பாதான் இதுவரை வீட்டைக் கவனித்துவந்தார். வயதாகிவிட்டதால் இனி இயலாது என்கிறார். மாத வாடகை 14,000 ரூபாய். அதில் பத்து சதவீதம் கொடுத்தால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். அவரிடம் விடுவதா, நானே பார்த்துக்கொள்வதா?

– வாசகர் ஒருவர், புனே

பதில்: வாடகை வாங்குவதற்கு இன்று யாரும் நேரில் போக வேண்டியதில்லை, அது வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். மின் கட்டணமும் சொத்து வரியும் செலுத்தப்பட்டனவா என்பதைப் புனேயில் இருந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். ஆனால் போர்வெல் மோட்டார் நின்று, வீட்டில் தண்ணீர் இல்லை என்று வாடகைதாரர் காலை ஆறு மணிக்கு அழைக்கும்போது, ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய் நிற்கப்போவது யார்? சித்தப்பா இத்தனை ஆண்டுகளாக உங்களுக்குச் செய்துவந்த பெரிய உதவி அதுதான். அந்த இடத்தை நிரப்ப நம்பிக்கையான ஒருவர் கிடைத்தால், நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

தரகர் கேட்கும் தொகை ஆண்டுக்கு 16,800 ரூபாய். வருமான வரி கணக்கிடும்போது, வாடகை வருமானத்தில் நீங்கள் செலுத்திய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் பொதுக் கழிவாகக் கிடைக்கும். பராமரிப்பும் மேலாண்மையும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவதால், இந்த 16,800 ரூபாயைத் தனிச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. மாறாக, வீட்டை நன்கறிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடமும் பிளம்பர் ஒருவரிடமும் முன்கூட்டியே பேசிவைத்து, வரும்போதெல்லாம் கூலி கொடுத்துவிட்டால், பெரிய பழுது வராத ஆண்டில் செலவு பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வாடகைதாரர்கள் அடிக்கடி மாறும் வீடாக இருந்தாலோ, உங்களால் ஆண்டுக்கு ஒருமுறைகூட வர இயலாது என்றாலோ, தரகரை அமர்த்துவதில் தவறில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொத்து மேலாளர் என்பவரை ஏற்றுக்கொள்கிறது. அவர் யார், எதற்கெல்லாம் அதிகாரம் பெற்றவர் என்பதை வாடகைதாரருக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. வாடகைதாரருடனான வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். எந்த நிலையிலும் தரகருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பழுதுபார்க்கவும் வீட்டைக் காட்டவும் மட்டுமான கடிதம் போதும். விற்கவோ அடமானம் வைக்கவோ வழிவிடும் ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது. வாடகையும் முன்பணமும் நேரடியாக உங்கள் கணக்குக்கே வரட்டும்.

யாரை அமர்த்தினாலும், ஒருவர் காலி செய்து அடுத்தவர் குடிவரும் நாளில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்களே மதுரைக்கு வாருங்கள். சுவர், குழாய், கதவு, மின் மீட்டர் அளவு ஆகியவற்றைப் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு தாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால், முன்பணத்தைத் திருப்பித் தரும் நாளில் எதைப் பிடித்தம் செய்வது என்ற வாக்குவாதத்துக்குப் பெரும்பாலும் இடமே இருக்காது.