வாசகர் கேள்வி – பதில்: பழைய நாற்காலிக்குப் புது இருக்கை

கேள்வி: என் மாமனார் வீட்டிலிருந்து வந்த ஆறு சாப்பாட்டு மேசை நாற்காலிகள் எங்களிடம் உள்ளன. இம்புயா என்ற பிரேசில் நாட்டு மரத்தில் செய்தவை. கால்களின் நுனியில் நகம் பந்தைப் பற்றியிருக்கும் வேலைப்பாடு உண்டு. மரம் உறுதியாக இருக்கிறது, இருக்கைகள் மட்டும் குழிந்துவிட்டன. எனக்குத் தையல் தெரியும், ஆனால் மெத்தை வேலையில் பழக்கமில்லை. வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: தாராளமாகச் செய்யலாம். பழகத் தொடங்குபவருக்கு இதைவிட ஏற்ற வேலை கிடையாது. நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். இவ்வகை நாற்காலிகள் பெரும்பாலானவற்றில் இருக்கை தனியான ஒரு மரச்சட்டமாக இருக்கும். அடியிலிருந்து மேலே தள்ளினால், அல்லது மூலைகளில் உள்ள திருகுகளைக் கழற்றினால், கையோடு வந்துவிடும். நாற்காலியின் மெருகைத் தொடாமலேயே முழு வேலையையும் சமையலறை மேசைமேல் வைத்துச் செய்து முடிக்கலாம் என்பது பெரிய வசதி. வெளியே எடுத்தவுடன் ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் அதற்குரிய நாற்காலியின் உட்புறத்திலும் ஒரே எண்ணை எழுதிவிடுங்கள். கையால் செய்த நாற்காலிகளில் ஒன்றின் இருக்கை மற்றொன்றில் சரியாக உட்காராது.

முதல் இருக்கையைப் பிரிக்கும்போது அவசரப்பட வேண்டாம். மேல்துணி, அதன் கீழ் காடாத்துணி, பஞ்சு, நார் அல்லது குதிரைமுடி, சாக்குத்துணி, சணல் பட்டை என்று அடுக்கடுக்காக வரும். ஒவ்வோர் அடுக்கையும் எடுக்குமுன் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மேல்துணியைக் கிழிக்காமல் எடுத்தால், புதிய துணியை வெட்டுவதற்கு அதுவே மாதிரியாகும். துருப்பிடித்த ஆணிகளைத் தட்டையான திருப்புளியை அடியில் செருகி, மரத்தின் இழையோட்டத்தின் திசையிலேயே நெம்ப வேண்டும். குறுக்கே நெம்பினால் சட்டம் பிளந்துவிடும். பல ஆண்டுத் தூசி கிளம்பும் என்பதால் முகக்கவசமும், ஆணி தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் கட்டாயம். கழற்றிய ஆணிகளை உடனுக்குடன் ஒரு டப்பாவில் போடுங்கள். வெறுங்காலுடன் நடக்கும் வீடுகளில் இது மிக முக்கியம்.

இருக்கை குழிவதற்குப் பெரும்பாலும் காரணம் மேலே உள்ள மெத்தையல்ல, அடியில் உள்ள பட்டைதான். அதை விட்டுவிட்டு மேலே புதிய ஃபோமை வைப்பவர்கள் பலர். சில மாதங்களில் இருக்கை மீண்டும் குழிந்துவிடும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் துணியில் குறையுங்கள், பட்டையில் குறைக்காதீர்கள். 5 செ.மீ. அகலமுள்ள சணல் பட்டை போதும். ஒரு முனையை 2.5 செ.மீ. மடித்து, ஐந்து சிற்றாணிகளை ஒரே கோட்டில் அல்லாமல் ஏற்ற இறக்கமாக அடியுங்கள். ஒரே கோட்டில் அடித்தால் மரம் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். மறுமுனையை ஒரு மரத்துண்டில் சுற்றி, அதைச் சட்டத்தின் ஓரத்தில் முட்டுக்கொடுத்து நெம்புகோலாக அழுத்தினால், வெறுங்கையால் இழுப்பதைவிடப் பல மடங்கு இறுக்கம் கிடைக்கும். அந்த இறுக்கத்திலேயே மூன்று ஆணிகளை அடித்து, 2.5 செ.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை மடித்து மேலும் இரண்டு ஆணிகளை அடியுங்கள். குறுக்குப் பட்டைகளை நெடுக்குப் பட்டைகளுக்கு மேலும் கீழுமாக, பாய் முடைவதுபோல் கோத்துச் செலுத்த வேண்டும். முடிந்தபின் விரலால் சுண்டினால் ‘டம்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் கழற்றி மீண்டும் இழுங்கள். பழைய ஆணித்துளைகளால் சட்டம் சல்லடையாகியிருந்தால், மரத்தூளையும் மரப்பசையையும் குழைத்துத் துளைகளை அடைத்து, ஒரு நாள் காயவிட்ட பிறகே பட்டை அடிக்கத் தொடங்குங்கள்.

பட்டைக்கு மேல் சாக்குத்துணியையும், அதன்மேல் மெத்தையையும் வைக்கலாம். பழைய தென்னை நாரோ குதிரைமுடியோ பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். வெயிலில் உலர்த்தி, கையால் கோதி உதிர்த்தால் அது பழையபடி உப்பி வரும். கடையில் வாங்கும் ஃபோமைவிட அது நீண்ட காலம் உழைக்கும் என்பது என் உறுதியான கருத்து. மேல்துணியைப் பொருத்தும்போது முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வோர் ஆணியைப் பாதி மட்டும் அடித்து, துணியின் இழை நேராக ஓடுகிறதா என்று பார்த்து, நடுவிலிருந்து மூலைகளை நோக்கி நகருங்கள். மூலை மடிப்புகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நேராக அமைந்த பிறகே ஆணிகளை முழுமையாக இறக்க வேண்டும்.

கேள்வி: பழைய துணிக்கு மேலேயே புதிய துணியைப் போர்த்தி அடித்துவிட்டால் வேலை குறையுமே? மேலும், என் நாற்காலியின் அடியில் தூள்தூளாக ஏதோ கொட்டுகிறது. அது பழைய மெத்தையின் தூசிதானா?
– ஒரு வாசகர், டோங்காட்

பதில்: வேலை குறையும், ஆனால் நாற்காலி கெடும். தனிச்சட்ட இருக்கை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில்தான் நாற்காலிக்குள் உட்காருகிறது. துணிமேல் துணியாக ஏற்றினால் இருக்கை ஆப்பு அடித்ததுபோல் இறுகி, நாற்காலியின் மூலை இணைப்புகளை மெல்ல மெல்லப் பிளக்கும். புதிய துணி பழையதைவிடக் கனமாக இருந்தால்கூட, சட்டத்தின் ஓரங்களைச் சற்று இழைத்துக் கொள்ள வேண்டியிருக்கும்.

தூளைப் பற்றிய உங்கள் கேள்விதான் அவசரமானது. ஒரு வெள்ளைத் தாளில் அதைக் கொட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மாவு போன்ற மென்தூளும், மரத்தில் குண்டூசித் தலையளவுத் துளைகளும் இருந்தால் அது மரம் துளைக்கும் வண்டு. துணியைப் பிரித்து, வெறும் சட்டத்தில் மரப்பூச்சி மருந்தைத் துளைகளுக்குள் செலுத்தினால் கட்டுப்படுத்தலாம். தூள் கசகசா அளவில், கெட்டியான மணிகளாக, ஒவ்வொன்றும் ஆறு தட்டையான பக்கங்களோடு தெரிந்தால் அது உலர்மரக் கறையான். டர்பன் கடலோரப் பகுதி முழுவதும் இதற்குப் பெயர்போனது. இதற்கு மண்ணைத் தொட வேண்டிய தேவை இல்லை; ஒரு நாற்காலியிலேயே குடித்தனம் நடத்தி, அங்கிருந்து பறந்து கூரைக்கும் கதவுக்கும் பரவும். அந்த நாற்காலியை மற்ற மரச்சாமான்களிடமிருந்து உடனே தள்ளிவைத்து, பூச்சி ஒழிப்பவரை அழையுங்கள். அதுவரை மெத்தை வேலையைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவின் பழைய பட்டுப்புடவை ஒன்றை இருக்கைத் துணியாக்க ஆசை. இல்லாவிட்டால் ஷ்வேஷ்வே என்ற தென்னாப்பிரிக்க அச்சுத் துணி வாங்கலாமா? ஆறு இருக்கைகளுக்கு எவ்வளவு வேண்டும்?
– ஒரு வாசகி, பீனிக்ஸ்

பதில்: பட்டுப்புடவையை இருக்கைக்குப் பயன்படுத்தாதீர்கள். பட்டு இழை இழுவையைத் தாங்கும், உராய்வைத் தாங்காது. அதிலும் பழைய பட்டு மடிப்புகளிலேயே விட்டுவிடும். அம்மாவின் நினைவாக அதைத் திண்டு உறையாகவோ சுவரில் சட்டமிட்டோ வையுங்கள். ஷ்வேஷ்வே அழகான துணி, ஆனால் ஆடைக்காக நெய்த பருத்தி. கடையில் தெரியும் விறைப்பு கஞ்சியால் வருவது, துவைத்தால் போய்விடும், துணியும் சுருங்கும். எப்போதாவது உட்காரும் நாற்காலிக்குத் துவைத்து உலர்த்திய பின், அடியில் காடாத்துணி கொடுத்துப் பயன்படுத்தலாம். தினமும் புழங்கும் நாற்காலிக்கு, உராய்வுச் சோதனையில் 20,000 சுற்றுகளுக்குக் குறையாமல் தாங்கும் சோபாத்துணியையே கேட்டு வாங்குங்கள்.

சோபாத்துணி பொதுவாக 140 செ.மீ. அகலத்தில் வரும். மடிப்புக்கும் சேர்த்து ஓர் இருக்கைக்கு 65 செ.மீ. சதுரம் என்று கொண்டால், அகலத்தில் இரண்டு இருக்கைகள் அமையும். ஆறுக்கு 2 மீட்டர் போதும். பெரிய பூ வேலைப்பாடு என்றால் ஒவ்வொரு பூவையும் இருக்கையின் நடுவில் கொண்டுவர இன்னும் ஒரு மீட்டர் கூடுதலாகத் தேவைப்படலாம்.

கேள்வி: ஸ்பிரிங் வைத்த மூவர் அமரும் சோபாவையும் இப்படியே செய்துவிடலாமா?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முதல் வேலையாக வேண்டாம். ஸ்பிரிங்குகளை ஒரே உயரத்தில் அழுத்தி, எட்டுத் திசையிலும் கயிற்றால் பிணைப்பதை அருகிலிருந்து பார்த்துத்தான் பழக வேண்டும். துணி மட்டும் கிழிந்து, உட்கார்ந்தால் இருக்கை சமமாக இறங்கி ஏறினால், துணியை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: நாற்காலியைப் பிரித்தால் பழைய ஃபோம் மஞ்சள் தூளாக உதிர்கிறது. புதிதாக எதை வாங்குவது?
– ஒரு வாசகி, லெனேசியா

பதில்: காற்றும் ஈரமும் வெளிச்சமும் ஃபோமைக் காலப்போக்கில் இப்படி உதிரவைக்கும், உங்கள் பராமரிப்பில் குறை எதுவும் இல்லை. புதியது வாங்கும்போது அழுத்திப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கடினமான ஃபோம் எல்லாம் அடர்த்தியான ஃபோம் அல்ல, ஆனால் உழைப்பது அடர்த்தியால்தான். இருக்கைக்கு கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாத ஃபோமை, 4 செ.மீ. கனத்தில் கேளுங்கள். சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் அரை செ.மீ. பெரிதாக வெட்டினால் ஓரங்கள் நிறைந்து தெரியும். வெட்டுவதற்கு நீளமான ரொட்டிக் கத்தி போதும். சாதாரண ஃபோம் தீப்பிடித்தால் மிக வேகமாக எரிந்து நச்சுப் புகையைக் கக்கும். ஆகவே இந்த நாற்காலிகளைப் பூசை விளக்குக்கும் பாரஃபின் அடுப்புக்கும் அருகில் போடாதீர்கள்.