அறுபட்ட மூச்சுக்குழாயை ஒட்டவைக்கும் கருவிகள்: டர்பன் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் அறுவைசிகிச்சைக் கருவிகள் வடிவமைப்பவன், மருத்துவன் அல்லன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குடலை ஒட்ட, உலோகப் பின்களை வட்டமாக அடிக்கும் ஸ்டேப்ளர் இருக்கிறது. மூச்சுக்குழாயை மட்டும் ஏன் இன்னும் கையால் தைக்கிறார்கள்? (செவிலியர், சாட்ஸ்வொர்த்)

அக்கா, குடல் மெத்தென்ற சதை. அழுத்தினால் நசுங்கிக் கொடுக்கும். மூச்சுக்குழாயின் முன்னும் பக்கமும் 18 முதல் 22 வரை குருத்தெலும்பு வளையங்கள். பின்புறம் வெறும் சவ்வு. ஒரே வட்டத்தில் இரண்டு விதச் சுவர். முன்புறத்துக்குப் போதுமான அழுத்தம் கொடுத்தால் பின்புறம் கிழியும். பின்புறத்துக்கு ஏற்றபடி குறைத்தால் முன்புறம் பிடிக்காது. காற்றுப்பாதைக்குள் எட்டிப்பார்க்கும் உலோகத்தைச் சுற்றிச் சதை வளர்ந்து வழியை அடைக்கும் என்பது அடுத்த தலைவலி. கரையாத நூலிலேயே இந்தத் தொல்லை இருந்தது. கரையும் நூல் வந்தபின் வெகுவாகக் குறைந்தது.

இந்த ஸ்டேப்ளரை அமெரிக்கர்கள்தானே கண்டுபிடித்தார்கள்? (மாணவர், வெஸ்ட்வில்)

இல்லை தம்பி. 1908இல் புடாபெஸ்டில் ஹியூமர் ஹூல்ட்ல் செய்த கருவிதான் முன்னோடி; தூக்கவே கை வலிக்கும் எடை. இரத்தக்குழாய்களை ஒட்டும் கருவியை 1945இல் சோவியத் பொறியாளர் குடோவ் உருவாக்கினார். 1951இல் மாஸ்கோவில் இதற்கென்றே ஒரு ஆய்வு நிறுவனம் எழுந்தது. நுரையீரல் கிளைக்குழாயைத் தைத்து மூடும் கருவி அங்கிருந்து வந்தது. அமெரிக்க அறுவைசிகிச்சையாளர் மார்க் ராவிட்ச் 1958இல் கீவ் நகரில் அதைப் பார்த்து வியந்து வாங்கிப்போன பிறகுதான் அமெரிக்கா விழித்துக்கொண்டது. ஆனால் அந்தக் கருவி குழாயின் வாயை மூடும். இரண்டு வாய்களை இணைக்காது.

கழுத்தில் கத்திக்குத்து பட்டவருக்கு உடனே என்ன செய்வது? (ஃபீனிக்ஸ்)

தென்னாப்பிரிக்காவின் ஆம்புலன்ஸ் எண்ணான 10177க்கு அழையுங்கள். கத்தி குத்தியபடி இருந்தால் பிடுங்காதீர்கள். இரத்தம் வரும் இடத்தை அழுத்துங்கள், மூச்சுவழியை மட்டும் அடைத்துவிடாமல். அவருக்கு உட்கார்ந்தால் மூச்சு விட எளிதாக இருக்கிறதென்றால் படுக்கவைக்க வற்புறுத்தாதீர்கள். முழுவதும் அறுபட்ட குழாயின் கீழ்முனை மார்புக்குள் இழுத்துக்கொள்ளக்கூடும். அதைப் பிடித்து வெளியே கொணர்ந்து, அதற்குள் நேராகக் குழாய் செலுத்துவதே அறுவைசிகிச்சையாளரின் முதல் வேலை. தையலெல்லாம் பிறகு.

நான் பொறியியல் படிக்கிறேன். எந்தக் கருவியைச் செய்தால் பயன்படும்? (டர்பன்)

எல்லாரும் தைக்கும் கருவியைச் செய்யத்தான் ஓடுகிறார்கள். நீங்கள், அறுபட்ட முனைகளைப் பிடித்துவைக்கும் கருவியைச் செய்யுங்கள்.

காரணம் சொல்கிறேன். இந்த ஒட்டுப்போடுதலைக் கெடுப்பவை இரண்டு: இழுவிசையும் இரத்தப் பற்றாக்குறையும். 1961இல் நாய்களில் செய்த சோதனையில், இழுவிசை 1,700 கிராமைத் தாண்டியபோது ஒட்டு பிரியத் தொடங்கியது. இரத்தமோ பக்கவாட்டிலிருந்து சிறு சிறு கிளைகளாக வருகிறது. பிடிப்பதற்காகக் குழாயைச் சுற்றிலும் சுரண்டி விடுவித்தால், ஒட்டு அழகாக இருக்கும், குழாய் செத்துவிடும். முனையிலிருந்து ஒரு செண்டிமீட்டருக்கு மேல் விடுவிக்கக் கூடாது என்பது மூச்சுக்குழாய் அறுவைசிகிச்சையின் முன்னோடி ஹெர்மிஸ் கிரில்லோ வழிவந்த அறுவைசிகிச்சையாளர்களின் கட்டளை.

ஆக, அந்தச் சிறு விளிம்பைப் பிடித்து, இரண்டு முனைகளையும் நெருக்கி நிறுத்தி, ஊசி போக இடம் விட்டு, பக்கவாட்டில் திறந்து கழன்று வரும் இடுக்கி வேண்டும். பற்கள் வளையத்தைக் கவ்வலாம், சவ்வைத் தொடக் கூடாது. எவ்வளவு விசையில் இழுக்கிறோம் என்று காட்டும் ஒரு சிறு ஸ்பிரிங் இருந்தால் இன்னும் நல்லது. இன்று அதை விரல்தான் மதிப்பிடுகிறது. கிருமிநீக்கும் 134 டிகிரி நீராவியைத் தாங்க வேண்டும். இரத்தம் ஒளிந்துகொள்ளும் இடுக்கு மூட்டில் இருக்கவே கூடாது. அழகான கருவிகள் பல கழுவும் அறையில்தான் தோற்கின்றன.

முதல் சோதனைக்குக் கசாப்புக்கடை ஆட்டு மூச்சுக்குழாய் போதும். அறுத்து, ஒட்டி, ஒரு முனையைக் கட்டி, நீரில் அமிழ்த்தி, 30 செண்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் காற்று செலுத்துங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கே உங்கள் வடிவமைப்பின் குறை. மனிதரிடம் போவதற்கு முன் நெறிமுறைக் குழுவும் மருத்துவக் கருவிகளுக்கான ஒழுங்குமுறை ஆணையமான சாஃப்ராவும் இருக்கின்றன; அந்த வழியில் குறுக்குச் சந்து தேடாதீர்கள்.

பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் பொருத்திவிட்டால் இந்தச் சிரமமே இல்லையே?

ஸ்வீடனில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவைசிகிச்சையாளர் 2011, 2012 ஆண்டுகளில் அதைத்தான் செய்தார். அங்கே அவர் பொருத்திய மூவரும் இறந்தார்கள்; 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

எவ்வளவு நீளம் வெட்டினாலும் இணைக்க முடியுமா? தாடையை மார்போடு சேர்த்துத் தைப்பார்களாமே, பயமாக இருக்கிறது. (பேரனுக்காகக் கேட்கும் ஆயா)

ஆயா, 1950இல் இரண்டு செண்டிமீட்டர்தான் எல்லை என்று நம்பினார்கள். இன்று பெரியவர்களில் பாதி நீளம் வரை எடுத்துவிட்டு இணைக்கிறார்கள். குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துணிவதில்லை. கழுத்தைக் குனிந்தால் மூச்சுக்குழாய் தளர்ந்து கீழே இறங்கிக் கொடுக்கும். அதனால்தான் அந்தத் தையல். தாடைக்குக் கீழுள்ள தோலிலிருந்து மார்புத் தோலுக்கு ஒரு தடித்த நூல், ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு. இறுக்கிக் கட்டிவைப்பதில்லை, தூக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்துவிடாமல் தடுக்க மட்டுமே.